ஆமெனுக்குப் பிறகு அரை டம்ளர் டீ

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தவை, நடந்த வரிசையிலேயே:

1. ஆறு மணிக்கு அம்மாவுக்கு ஒரு பச்சை அங்கி கொடுத்தார்கள்.
2. அதன் நாடா முன்னால் வரவேண்டுமா, பின்னால் வரவேண்டுமா என்று நைனாவும் நானும் விவாதித்தோம். நாங்கள் முடிவுக்கு வருவதற்குள் அம்மா உடுத்தி முடித்திருந்தாள்.
3. நைனா ஜெபித்தார். டாக்டர், மயக்க மருந்து கொடுப்பவர், கத்தரிக்கோல், லிஃப்ட் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கர்த்தரிடம் ஒப்படைத்தார்.
4. எல்லோரும் ஆமென் சொன்னோம்.
5. நான் பிளாஸ்கைத் திறந்து அம்மாவுக்கு அரை டம்ளர் இஞ்சி டீ ஊற்றிக் கொடுத்தேன்.
6. அம்மா குடித்தாள்.
7. ஆறே முக்காலுக்கு நர்ஸ் வந்து, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.
8. அம்மா உண்மையைச் சொன்னாள்.
9. ஆபரேஷன் ஒன்பது நாள் தள்ளிப்போனது.

ஐந்தாவது வரியில் வரும் 'நான்', இந்தத் தொடரை எழுதும் அதே நான்தான். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். செல்போனுக்குள் போகும் சர்க்யூட் பலகைகளில் மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வது என் தொழில்.

அன்று காலை என் கையில் இருபத்து மூன்று வரிகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. பதினொன்றாவது வரி: 'இரவு பத்து மணிக்கு மேல் வாயில் எதுவும் கூடாது. தண்ணீரும் கூடாது.' அதற்கு எதிரில் ஒரு டிக். டீ ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பு நானே போட்டது.

எங்கள் தொழிற்சாலையில் இதற்கு வேலையை விட்டே அனுப்புவார்கள். வீட்டில் அந்த வசதி இல்லை.

போன வாரம் என் முதல் நேர்முகத் தேர்வைப் பற்றி எழுதியபோது, என் நிதானத்தைப் புகழ்ந்து பலமனேரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் தயவுசெய்து இந்த வாரத்தைப் படிக்க வேண்டாம்.

ஒரு தொண்டை, அதை நம்பியிருந்த ஊர்

என் அம்மா சாரம்மாவின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நைனா நிலக்கடலை போட்டிருக்கும் காணி எங்கள் வீட்டிலிருந்து மூன்று வயல் தள்ளி இருக்கிறது. அவருக்கு நான் வாங்கிக் கொடுத்த செல்போன் பெட்டியைவிட்டு வெளியே வந்ததில்லை. தேவைப்படவில்லை. அம்மா பின்வாசலில் நின்று ஒருமுறை கூப்பிட்டால் அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்துவிடுவார். அவரோடு இன்னும் நான்கு வீட்டு ஆண்களும், தங்களைத்தான் கூப்பிட்டார்களோ என்ற சந்தேகத்தில், கிளம்பிவிடுவார்கள்.

நாகலாபுரம் சாலையில் இருந்து உள்ளே போகும் எங்கள் ஊரில் ஒரு சின்ன சபை. தகரக் கூரை, நாற்பது குடும்பம், பாதி தமிழ், பாதி தெலுங்கு. பிரசங்கம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். நடுவில் எங்கே மாறியது என்று யாருக்கும் தெரியாது. பாட்டுக்கு யாரும் புத்தகம் திறப்பதில்லை. அம்மா முதல் வரியை எடுப்பாள். மற்றவர்கள் பின்னால் வருவார்கள். கீபோர்டு வாசிக்கும் டேனியல் அண்ணன், வாரநாட்களில் மின்வாரிய லைன்மேன், அம்மா எடுத்த சுருதி எது என்று தேடிக் கண்டுபிடித்து இரண்டாவது சரணத்தில் வந்து சேர்ந்துகொள்வார். கரண்ட் போனாலும் ஆராதனை நிற்காது. அவருடைய துறையும் கீபோர்டும் ஒன்றாக நின்றுபோகும், அவ்வளவுதான்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. எலுமிச்சம்பழ அளவு. இரண்டு வருடமாகப் புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு மறைத்துவைத்திருந்தாள். படுத்தால் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நைனா நேராகச் சித்தூருக்கு அழைத்துப் போனார். ஜில்லாவைப் பிரித்து எங்களைத் திருப்பதியோடு சேர்த்து வருடங்கள் ஆகின்றன. ஆனால் நைனாவைப் பொறுத்தவரை கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சித்தூர்தான். அங்கே ஸ்கேன் எடுத்த டாக்டர், இதைத் திருப்பதியில்தான் செய்யவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

திருப்பதி டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். தைராய்டு கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் கெட்ட கட்டி மாதிரி தெரியவில்லை. ஆனால் மூச்சுக்குழாயை அழுத்துகிறது, எடுத்தே ஆகவேண்டும். அதற்குப் பின்னால் நூல் மாதிரி ஒரு நரம்பு ஓடுகிறது. குரலுக்கான நரம்பு. கட்டி அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நரம்புக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லமாட்டேன், பார்த்துச் செய்வேன் என்றுதான் சொல்வேன் என்றார்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பாடலாமா டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "பேசலாம்மா," என்றார்.

வெளியே வந்ததும் அம்மா, "பேசறதுக்கு ஊர்ல ஆளா இல்ல," என்றாள்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள்

செய்தி பரவியதும் சபையார் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். எல்லோர் கையிலும் ஒரு பிரெட் பாக்கெட். விழுங்கவே கஷ்டப்படும் ஒருத்திக்கு உலர்ந்த பிரெட்டைக் கொண்டுவரும் அன்பு எங்கள் சபையில் மட்டும்தான் கிடைக்கும். நான் வகைப்படுத்தி வைத்திருக்கிறேன். தனக்குத் தெரிந்த ஒருவர் இதே கட்டியில் செத்துப்போனதைச் சொல்லி ஆறுதல் தருபவர்கள் ஒரு வகை. முட்டைக்கோஸ் இலையைக் கழுத்தில் கட்டச் சொல்பவர்கள் ஒரு வகை. மூன்றாவது வகையில் ஒரே ஆள், மேரி அத்தை. நைனாவின் ஒன்றுவிட்ட தங்கை.

மேரி அத்தை உட்கார்ந்ததும், கர்த்தர் இதன் மூலமாக உனக்கு ஏதோ சொல்ல வருகிறார், நாவினால் செய்த பாவம் ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார் அண்ணி என்றார்.

"யோசிச்சேன்," என்றாள் அம்மா. "உன்னப் பத்திப் பேசினதுதான் இருக்குது. மத்தபடி ஒண்ணுமில்ல. டீ குடிக்கிறியா?"

வந்தவர்கள் எல்லோரும் போகும்போது ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போனார்கள்: சாரம்மாவுக்குப் பயமே இல்லை. இதுதான் விசுவாசம். அம்மாவும் தலையை ஆட்டுவாள். எனக்கு இன்னா பயம், அவர் பாத்துக்குவார் என்பாள். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு அவளே ஆறுதல் சொல்லி, அவர்கள் கொண்டுவந்த பிரெட்டையே டீயில் தொட்டுக்கொள்ளக் கொடுத்து அனுப்புவாள். எங்கள் சபைப் போதகர் சாலமோன் ஐயா, இரண்டு ஞாயிறு தொடர்ந்து அம்மாவைப் பிரசங்கத்தில் உதாரணமாகச் சொன்னார்.

எனக்கு மூன்று பேருக்குச் சேர்த்துப் பயம் இருந்தது. அவளுடைய பாட்டுகளை எல்லாம் ஒழுங்காகப் பதிவு செய்து வைத்துவிடலாம் என்றேன். மறுத்துவிட்டாள். இப்பவே பதிவு பண்ணி வெச்சிட்டா அவர்மேல நம்பிக்கை இல்லன்னு ஆயிடும்டி என்றாள். அதனால் திருட்டுத்தனமாகச் செய்தேன். சமையலறை ஜன்னலில் செல்போனை வைத்துப் பாத்திரம் தேய்க்கும் சத்தத்தோடு மூன்று பாட்டு. விசுவாசம் அவளுடையது, பேக்கப் என்னுடையது.

வெள்ளிக்கிழமைச் சட்டம்

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். டீ எப்படி என் கைக்கு வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் எனக்கு மூளை இல்லை என்று நினைப்பீர்கள்.

எங்கள் சபையில் வெள்ளிதோறும் உபவாச ஜெபம். காலையில் இருந்து மாலை வரை சோறு கிடையாது. ஆனால் டீ உண்டு. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் சாலமோன் ஐயாவுக்கு முன்பு இருந்த போதகர். பலமனேர்க்காரர். வீட்டில் மாடு வைத்திருந்து, காலையில் மூன்று டம்ளர் டீ குடித்தால்தான் வசனம் வாயில் வரும் என்ற நிலையில் இருந்தவர். உபவாசத்தில் டீ கணக்கில் வராது என்று அவர் ஒருமுறை பீடத்தில் இருந்தே அறிவித்தார். வேறு எத்தனையோ விஷயங்களில் அவரோடு சண்டை போட்ட சபை, இதை மட்டும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.

முறை இதுதான். ஒருவர் ஜெபிப்பார். ஆமென் சொல்வோம். உடனே பிளாஸ்க் திறக்கும், டம்ளர்கள் சுற்றி வரும். அடுத்தவர் ஜெபிப்பார். ஆமென். மறுபடி பிளாஸ்க். டீ ஊற்றுவது பெண்பிள்ளைகளின் வேலை. எனக்கு ஏழு வயதில் அந்தப் பொறுப்பு வந்தது. இருபது வருட வெள்ளிக்கிழமைகளை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். வயிறு காலியாக இருக்கும் ஒரு நாளில், ஒரு ஜெபம் முடிந்து ஆமென் என்று காதில் விழுந்தால், என் மூளைக்குத் தகவல் போவதற்கு முன்பே கை பிளாஸ்கைத் தேடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிளாஸ்க் நைனாவுக்காக வாங்கிவைத்தது. அம்மா முந்தின ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நைனா நீளமாக ஜெபித்தார். ஆமென் கேட்டது. மீதியை என் கை பார்த்துக்கொண்டது.

பக்கத்துக் கட்டில்

திருப்பதிக்குப் போகிறேன் என்று தொழிற்சாலையில் லீவு கேட்டபோது என்னிடம் லட்டு கேட்டவர்கள் பதினொரு பேர். எதற்குப் போகிறாய் என்று கேட்டவர் ஒருவர். பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் எங்களை மலைக்கு ஏற்றிவிடத் துடித்தார்கள். ஆஸ்பத்திரி என்றதும் அவர்கள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தைப் பார்த்து நைனா மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளுக்கு நடுவே, முக்காடு போட்ட அம்மாவும் எக்ஸ்ரே கவரைப் பிடித்த நானும் தெருவைக் கடந்தோம்.

பக்கத்துக் கட்டிலில் வைதேகி மாமி. பித்தப்பைக் கல். அவர் கணவர் கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர். மாமியும் அம்மாவும் ஒரே சாயங்காலத்தில் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். மாமி விடியற்காலையில் பாசுரம் முணுமுணுப்பார். அம்மா தன் பாட்டை முணுமுணுப்பாள். இரண்டும் நடுவில் எங்கோ முட்டிக்கொள்ளும். அப்போது இருவருமே கொஞ்சம் சத்தத்தைக் குறைப்பார்கள்.

ஆறே முக்காலுக்கு வந்த நாகமணி நர்ஸ் தெலுங்கில்தான் கேட்டார், கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள் என்று.

"ஏமீ தினலேதம்மா," என்றாள் அம்மா, மலர்ந்த முகத்தோடு. "டீ மாத்ரமே."

ஒன்றும் சாப்பிடவில்லை, டீ மட்டும்தான். நர்ஸின் கையில் இருந்த பேனா நின்றது. பால் டீயா, எப்போது, எவ்வளவு என்று கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் துல்லியமாகப் பதில் சொன்னாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் என் பட்டியலைப் பார்த்தேன். பதினொன்றாவது வரியில் டிக் அழகாக இருந்தது.

வைதேகி மாமி எங்களுக்காக வாதாட முன்வந்தார். "அரை டம்ளர் பால் என்ன பண்ணிடும்? ஏகாதசிக்கே நாங்க பால் சாப்பிடறோம். பகவான் ஒண்ணும் சொல்லலையே."

"பகவானுக்கு யாரும் மயக்க மருந்து குடுக்கறதில்ல மாமி," என்றார் நாகமணி.

இரண்டு மதங்களும் சேர்ந்து வாதாடியும் மயக்க மருந்து டாக்டர் மசியவில்லை. மயக்கத்தில் அந்தப் பால் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் மட்டும் கேட்டுக்கொண்டால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த தேதி அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் என்றார்கள்.

கிளம்பும்போது மாமி, கணவர் கொண்டுவந்த லட்டுகளில் ஒன்றை அம்மா கையில் வைத்தார். நைனா கூரையைப் பார்த்தார். அம்மா வாங்கிக்கொண்டு, சீக்கிரம் எழுந்து நடங்க மாமி, உங்களுக்கும் ஜெபிக்கிறேன் என்றாள். அந்த லட்டு தொழிற்சாலையில் பதினொரு பங்காகப் போயிற்று. என் பயணம் வீணாகவில்லை என்று அவர்களாவது நினைத்திருப்பார்கள்.

ஒரு விவரம் அப்போதே என் கண்ணில் பட்டது. என்ன என்று நான் யோசிக்கவில்லை. அம்மா எப்போது டீ குடித்தாலும் அடியில் ஒரு வாய் விட்டுவிடுவாள். அன்று டம்ளரில் சொட்டு இல்லை.

என் அறிக்கை

வீட்டுக்கு வந்தோம். அந்தக் கட்டி இன்னும் ஒன்பது நாள் அவள் மூச்சுக்குழாய்மேல் உட்கார்ந்திருக்கும், அதற்கு நான் காரணம். மத்தியானம் அவள் கண்ணயர்ந்தால் நான் வாசல்படியில் உட்கார்ந்து உள்ளே இருந்து வரும் இழுப்பை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு மூச்சு வர நேரமானால் எழுந்து போய்ப் பார்ப்பேன்.

சபையார் மறுபடி வந்தார்கள், மறுபடி பிரெட்டோடு. என் தப்பை நான் சொல்வதற்கு முன்பே அவர்கள் அதை என்னிடம் இருந்து வாங்கிக் கர்த்தர்மேல் போட்டுவிட்டார்கள். அவர் தள்ளிவைத்திருக்கிறார், அன்றைக்கு ஏதோ ஆபத்து இருந்திருக்கும், காரணம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மேரி அத்தை, அன்று அந்தத் தியேட்டரில் கரண்ட் போயிருக்கும் என்றே சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால், தப்பை ஏற்றுக்கொள்ள இவ்வளவு பெரிய ஆள் கிடைத்ததில் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதிக்காகத் தனியாக வெட்கப்பட்டேன்.

வேறு என்ன செய்வது என்று தெரியாததால், தெரிந்ததைச் செய்தேன். தொழிற்சாலையில் ஒரு பிழை நடந்தால் அறிக்கை எழுதவேண்டும். ஏன் நடந்தது என்று ஐந்து முறை கேட்டு, ஒவ்வொரு 'ஏன்' கீழேயும் பதில் எழுதி, கடைசியில் மூல காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உட்கார்ந்து எழுதினேன். டீ ஏன் ஊற்றப்பட்டது? ஆமென் கேட்டதால். ஆமென் கேட்டால் ஏன் ஊற்றப்படுகிறது? பழக்கம். இப்படியே போய், மூல காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். பெர்சிஸ். திருத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் தோன்றவில்லை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே நான் எழுதுவதைப் பார்த்தாள். இன்னாடி அது என்றாள். ஆபீஸ் வேலை என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சரி முடி என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள்.

சாட்சி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பிரசங்கத்துக்கு முன்பு, சாட்சி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. அந்த வாரத்தில் கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வார்கள். வேலை கிடைத்தது, ஆடு திரும்பி வந்தது, மருமகள் மனம் மாறினாள். பெரும்பாலும் ஆடுதான்.

அன்று சாலமோன் ஐயா தானே தொடங்கினார். நம் சகோதரி சாரம்மாவுக்குக் குறித்த நாளில் ஆபரேஷன் நடக்கவில்லை, கர்த்தர் தம் திட்டத்தின்படி தள்ளிவைத்தார், அதற்காக ஸ்தோத்திரம் சொல்வோம் என்றார். சபை சொன்னது. நான் தரையில் பாயின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எழுந்தாள்.

"ஐயா, கர்த்தர் தள்ளிவெக்கலங்க," என்றாள். "நான்தான் டீ குடிச்சேன்."

தெலுங்குப் பக்கத்தில் யாரோ அருகில் இருந்தவரிடம் மொழிபெயர்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"தண்ணி கூட கூடாதுன்னு அந்த நர்ஸம்மா எங்கிட்டயும்தான் சொல்லிட்டுப் போச்சி. எம்பொண்ணு ஏதோ நெனப்புல ஊத்திக் குடுத்திச்சி. அதுக்கு மறந்துபோச்சி. எனக்கு மறக்கல. குடிச்சா இன்னிக்கி செய்யமாட்டாங்கன்னு தெரியும். தெரிஞ்சிதான் குடிச்சேன்."

நைனா தலையைத் தூக்கினார். மேரி அத்தை வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. நான் அறிய அவருக்கு இப்படி நடப்பது அதுவே முதல் தடவை.

"சாரம்மாவுக்கு பயமே இல்லன்னு எல்லாரும் சொல்லிக்கினு இருந்தீங்க. நானும் ஆமா ஆமான்னுக்கினு இருந்தேன். அந்தப் பச்ச சட்டயப் போட்டதும் கையி காலு ஆடிப்போச்சி. இன்னும் ஒரே ஒரு ஞாயித்துக்கெழம இங்க பாடிட்டுப் போவணும்னு இருந்திச்சி. அவர்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பாரு. கேக்கல. டீயக் குடிச்சிட்டேன். எம்பொண்ணு அஞ்சு நாளா சோறு துன்னாம மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு சுத்துது. அதுங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இங்கியே கேக்கறேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். அந்த இழுப்பு கடைசி வரிசை வரை கேட்டது.

"வியாழக்கெழம போறேன். பயம் இருக்குது. பயத்தையும் கூட்டிக்கினுதான் போறேன். அவரும் வராரு. அவ்ளோதான் என் சாட்சி."

உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் சாலமோன் ஐயாவைப் பார்த்தார்கள். இரண்டு ஞாயிறு அவளைப் பயமில்லாதவள் என்று உதாரணம் காட்டியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"டீக்கும் ஸ்தோத்திரம்," என்றார்.

முதலில் சிரித்தவர் நைனா. பிறகு எல்லோரும். எனக்குச் சிரிப்பு வந்தபோது அது அழுகையா சிரிப்பா என்று பார்க்க நேரமில்லை. அம்மா என் தொடையில் ஒரு அடி அடித்தாள்.

எங்கள் சபையில் சந்தோஷம் என்ற சொல்லை முற்றுப்புள்ளி மாதிரி எல்லா வாக்கியத்தின் கடைசியிலும் போடுவார்கள். நான் அதை மதித்ததில்லை. அன்று எனக்கு வந்ததற்கு வேறு சொல் கிடைக்கவில்லை. அதுவரை நான் கடவுளை நம்பிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். உண்மையில் நான் சாய்ந்திருந்தது அம்மாவுக்குப் பயமில்லை என்பதன்மேல். அது விழுந்தால் எல்லாம் விழும் என்று கணக்கிட்டிருந்தேன். அது எல்லோர் கண் முன்னாலும் விழுந்தது. அவள் பயப்பட்டபடியே நின்றாள், வியாழக்கிழமையைப் பற்றிப் பேசினாள், என்னை அடித்தாள். ஒரு பொருள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதிப்பவளுக்கு இது போதுமான சான்று.

பிறகு அம்மா பாட்டு எடுத்தாள். வழக்கத்தைவிட ஒரு கட்டை மேலே. டேனியல் அண்ணன் கடைசிச் சரணம் வரை தேடியும் அந்தச் சுருதியைக் கண்டுபிடிக்கவில்லை. கீபோர்டை அணைத்துவிட்டுக் கையைத் தட்டினார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன், என்னிடம் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றாள். "நீ ரிப்போர்ட்டு எழுதிக்கினு இருந்த. பாவம், முடிக்கட்டும்னு வுட்டேன்."

வியாழக்கிழமை

பட்டியல் இந்த முறையும் இருந்தது. இருபத்து நான்கு வரிகள். இருபத்து நான்காவது: 'பிளாஸ்க் கொண்டுபோகக் கூடாது.' வைதேகி மாமியின் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். நாகமணி எங்களைப் பார்த்ததும் முதலில் என் கைப்பையைத்தான் பார்த்தார்.

பச்சை அங்கியின் நாடாவை இந்தமுறை நான்தான் கட்டினேன். அம்மாவின் முதுகு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் மறைக்கவில்லை. நைனா அவள் தலையில் கை வைத்தார். டாக்டரையும் லிஃப்டையும் எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

"கர்த்தரே, சாரம்மா," என்றார். "ஆமென்."

ஆமென் என்றோம். என் வலது கை எழுந்து, கட்டிலுக்குக் கீழே, பிளாஸ்க் இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. காற்றைப் பிடித்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. தள்ளுவண்டியில் ஏற்றும்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன ஆயிற்று இந்த அம்மாவுக்கு என்று வண்டி தள்ளியவர் கேட்டார். தியேட்டர் கதவு மூடும்வரை அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது, அவளுடைய பழைய குரலில்.

இப்போதைய நிலவரம் இது. கட்டி எடுத்தாகிவிட்டது. சோதனைக்கு அனுப்பியதில் கெடுதல் ஒன்றும் இல்லை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அதற்கு அரை மணி நேரம் கழித்துத்தான் டீ. வலது பக்க நரம்பு இன்னும் சரியாக வேலை செய்யவில்லை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், சில மாதம் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். நைனா செல்போனைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார். அம்மாவின் குரல் கரகரப்பாக இருக்கிறது, மேலே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வரியை அவள்தான் எடுக்கிறாள். சபை முழுவதும் அவள் இருக்கும் இடத்துக்குக் கீழே இறங்கி வந்து பாடுகிறது.